இத்தாலிக்குப் போய் இத்தாலியைத் தவறவிடுவது எப்படி?

பத்து நாள் இத்தாலிப் பயணம் முடித்து வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ரோம், ஃபுளோரன்ஸ், பைசா, வெனிஸ், மிலான், நடுவில் ஒருநாள் சுவிட்சர்லாந்து என்று பட்டியல் வரும். சாப்பாடு எப்படி என்று கேட்டால், "எங்கே போனாலும் பீட்சாதான், அதுவும் சுமார்தான்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சுற்றுலாப் பேருந்து நிற்கிற சதுக்கத்தில், மதியம் நாலு மணிக்கு, படம் போட்ட மெனு வைத்திருக்கிற கடையில் உட்கார்ந்தால் அதுதான் கிடைக்கும். இத்தாலியில் கட்டடங்கள் எந்நேரமும் அங்கேயே நிற்கும். அவற்றைச் சுற்றி நடக்கிற வாழ்க்கைக்குத்தான் ஒரு நேரக்கணக்கு உண்டு. அது தெரியாததால் வருகிற தவறுகள்தான் அதிகம்.

ஊர் எண்ணிக்கையைக் கூட்டுவது

இத்தாலி ஒரே நாடானது 1861-இல்தான். அதற்கு முன் வெனிஸ் 1797 வரை ஒரு தனிக் குடியரசாக இருந்தது, நேப்பிள்ஸ் ஒரு முடியாட்சியின் தலைநகர், ரோமை ஆண்டவர் போப். ரோம் இத்தாலியோடு சேர்ந்ததே 1870-இல். அதனால் இன்றைக்கும் ஒருவருக்குத் தன் ஊர்தான் முதலில், நாடு அப்புறம். இதற்கு அவர்கள் மொழியிலேயே ஒரு சொல் இருக்கிறது: கம்பனிலிஸ்மோ. கம்பனிலே என்றால் மணிக்கோபுரம். தன் ஊர்க் கோயில் மணியோசை கேட்கிற தூரம்தான் தன் உலகம் என்கிற பற்று.

இது சாப்பாட்டில் நன்றாகத் தெரியும். 'இத்தாலியன் உணவு' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது அங்கே கிடையாது. கார்பொனாரா பாஸ்தா ரோமுக்கு உரியது, பெஸ்தோ துவையல் ஜெனோவாவுக்கு, குங்குமப்பூ போட்ட ரிசோட்டோ சோறு மிலானுக்கு. வெனிஸில் கார்பொனாரா கேட்பது மதுரையில் போய் ஆப்பமும் கடலைக்கறியும் தேடுவது மாதிரி. கிடைக்கும், ஆனால் அதற்காக அங்கே போக வேண்டாம். 'ஸ்பகெட்டி போலோனீஸ்' என்று உலகம் முழுவதும் விற்கிறார்களே, அதைப் போலோன்யாவில் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அங்கே இறைச்சிக் குழம்பான ராகூவை ஊற்றுவது தாலியதெல்லே என்கிற பட்டையான பாஸ்தாவில். வெந்தபின் அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972-இல் அந்த ஊர் வணிகச் சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே பத்து நாளுக்கு மூன்று ஊர் போதும். அதில் ஒன்று சின்ன ஊராக இருக்கட்டும். தமிழர்களுக்கு என் சிபாரிசு, கார்தா ஏரிக்குத் தெற்கே இருக்கிற காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. 1680-இல் வீரமாமுனிவர் பிறந்த ஊர் அது. தேம்பாவணி எழுதியவர் எந்த மண்ணிலிருந்து கிளம்பி வந்தார் என்று பார்க்கலாம். 1859-இல் பக்கத்தில் நடந்த சோல்ஃபெரினோ போரில் காயம்பட்டவர்களை இந்த ஊர்ப் பெண்கள்தான் கோயிலுக்குள் கிடத்திக் கவனித்தார்கள். அதைக் கண்ட சுவிட்சர்லாந்து வணிகர் ஆன்ரி துனான் மனதில் எழுந்த எண்ணம்தான் செஞ்சிலுவைச் சங்கமானது. அதற்கு ஓர் அருங்காட்சியகமும் அங்கே உண்டு.

வெனிஸை மட்டும் ஒருநாள் பயணமாக வைத்துக்கொள்ளாதீர்கள். 2024 முதல் குறிப்பிட்ட சில நாட்களில், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். இரவு தங்குபவர்களுக்கு அது இல்லை. பணம் இருக்கட்டும், பகல் கூட்டம் வடிந்தபின்தான் அந்த ஊர் மூச்சு விடும். பாக்கரோ எனப்படும் சின்னக் கடைகளில் நின்றுகொண்டே ரொட்டித் துண்டின் மேல் மீனோ காய்கறியோ வைத்த சிக்கெத்தி சாப்பிடுவது அந்த நேரத்தில்தான் சுகம்.

பாரில் உட்கார்ந்துவிடுவது

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இத்தாலியில் பார் என்பது நம் ஊர் டீக்கடை. காலையில் காப்பியும் கொர்னெத்தோ என்கிற இனிப்பு ரொட்டியும் அங்கேதான். மக்கள் நின்றபடியே குடித்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் நேற்றைய கால்பந்து ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மூன்று நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். நின்று குடித்தால் ஒரு எஸ்பிரெஸோ சுமார் ஒன்று, ஒன்றரை யூரோ. அதே கோப்பையை மேசைக்கு வரவழைத்தால் விலை ஏறும். வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கம் மாதிரி இடத்தில் பல மடங்கு ஏறும், வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தால் அதற்கும் தனியாகப் போடுவார்கள். ஏமாற்று இல்லை, விலைப்பட்டியலிலேயே இருக்கும். நாம்தான் பார்ப்பதில்லை.

'ஒரு கஃபே' என்றாலே எஸ்பிரெஸோதான் வரும். 'லத்தே' என்று கேட்டால் ஒரு டம்ளர் பால் வரும், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கே பால் என்றுதான் பொருள். கப்பூச்சினோ காலைப் பானம். சாப்பாட்டுக்கு மேல் பால் குடித்தால் செரிக்காது என்பது அவர்கள் நம்பிக்கை, நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வது போலத்தான். மாலையில் கேட்டால் மறுக்க மாட்டார்கள், ஆனால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். எனக்கு இதில் பெரிய வருத்தமில்லை. பிடித்தால் குடியுங்கள். தவிர்க்க வேண்டியது வேறொன்று: ரயில் நிலையம் போன்ற கூட்டமான இடங்களில் முதலில் கல்லாவில் காசு கட்டி, ரசீதை வாங்கி, அதைக் காட்டித்தான் காப்பி கேட்க வேண்டும். நேராகப் போய் நின்றால் கவனிக்காமல் விடுவார்கள்.

நேப்பிள்ஸில் காப்பியோடு ஒரு சின்னக் குவளைத் தண்ணீர் வரும். அதை முதலில் குடியுங்கள், வாயைச் சுத்தம் செய்துவிட்டுக் காப்பியைச் சுவைக்கத்தான் அது. அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. இரண்டு காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் குடித்துப் போவார்கள். இன்னொன்று, காசில்லாமல் வருகிற யாருக்கோ. கஃபே சொஸ்பேசோ என்று அதற்குப் பெயர்.

பசித்த நேரத்தில் சாப்பிடப் போவது

மதியச் சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை. இரவு ஏழரை, எட்டுக்கு மேல். தெற்கே போகப் போக இன்னும் தாமதமாகும். நடுவில் நல்ல சமையலறைகள் அடைத்திருக்கும். சின்ன ஊர்களில் கடைகளும் கோயில்களும்கூட மதியம் மூடி மாலையில் திறக்கும். மாலை நாலு மணிக்குச் சுடச்சுடப் பாஸ்தா தருகிற கடை யாருக்காகத் திறந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

மாலை ஆறு, ஏழு மணிக்கு எல்லாரும் தெருவுக்கு வருவார்கள். குளித்து, நல்ல சட்டை போட்டு, தாத்தா பாட்டி பேரன் என்று குடும்பமாக ஒரே தெருவில் மேலும் கீழும் நடப்பார்கள். பஸ்ஸெஜ்ஜாத்தா என்கிற இந்த உலாவுக்கு டிக்கெட் கிடையாது, வழிகாட்டியும் வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில்தான் நம்மவர்கள் அறைக்குத் திரும்பி ஓய்வெடுப்பார்கள்.

மேசையில் உட்கார்ந்தபின் வருகிற குழப்பங்கள் சில. பில்லில் கொபெர்த்தோ என்று தலைக்கு ஒன்றிலிருந்து மூன்று யூரோ வரை இருக்கும். அது மேசைக்கும் ரொட்டிக்கும் உள்ள கட்டணம், சண்டை போட வேண்டாம். டிப்ஸ் கட்டாயமில்லை. சாப்பிட்டு முடித்தும் பில் வரவில்லையே என்று கோபப்படாதீர்கள். கேட்காமல் பில் கொண்டுவருவது அங்கே எழுந்து போங்கள் என்று சொல்வதற்குச் சமம். 'இல் கோந்தோ, பெர் ஃபவோரே' என்று நீங்களே கேட்க வேண்டும். மெனுவில் பாஸ்தா முதல் சுற்றிலும் இறைச்சி, மீன் இரண்டாம் சுற்றிலும் இருக்கும். இரண்டையும் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. ஸ்பகெட்டியைக் கத்தியால் நறுக்காதீர்கள், மீன் பாஸ்தாவுக்குச் சீஸ் கேட்காதீர்கள். தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டியால் வழித்துச் சாப்பிடலாமா? தாராளமாக. ஸ்கார்ப்பெத்தா என்று அதற்குச் செல்லப் பெயரே இருக்கிறது. பெரிய விருந்துகளில் மட்டும் அடக்கி வாசியுங்கள்.

இனி சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது. இறைச்சி இல்லாத பாஸ்தா என்று கேட்டு வாங்கினால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸை உறையவைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னெட். பெக்கொரினோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியினுடையது. காம்பானியாவின் புகழ்பெற்ற எருமைப்பால் மொசரெல்லாவும் கன்றின் ரென்னெட்டில் செய்வதுதான். சமையல்காரர் மனதில் அது சைவம்தான். அதில் தவறென்ன என்று அவருக்குப் புரியாது. காய்கறி சூப்பிலும் ரிசோட்டோவிலும் இறைச்சி வேகவைத்த சாறு இருக்கலாம், கீரையில் நெத்திலி மாதிரியான ஆஞ்சோவி மீன் கரைந்திருக்கலாம். 'சென்சா ஃபொர்மாஜ்ஜோ' என்றால் சீஸ் வேண்டாம். பீட்சாவில் கண்ணை மூடிக்கொண்டு மரினாரா வாங்கலாம். பெயரில் கடல் இருந்தாலும் அதில் மீன் இல்லை, சீஸும் இல்லை. தக்காளி, பூண்டு, ஓரெகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். 'பெப்பரோனி' என்று எழுதியிருந்தால் அது குடைமிளகாய், காரமான இறைச்சி வேண்டும் என்பவர்கள் ஏமாறுவார்கள். ஜெனோவாவின் ஃபரினாத்தா கொண்டைக்கடலை மாவைக் கரைத்து அடுப்பில் சுட்டது. பலெர்மோவின் பனெல்லே அதே மாவை எண்ணெயில் பொரித்தது. பஜ்ஜி தின்று வளர்ந்த நாக்குக்கு இரண்டுமே பிடிக்கும்.

பேசாமல் நுழைவது

கடைக்குள் போனதும் பொருளைப் பார்ப்பதற்கு முன் 'புவோன்ஜோர்னோ' சொல்லுங்கள், மாலையானால் 'புவோனாசேரா'. சொல்லாமல் நுழைவது மரியாதைக்குறைவு. எல்லாரிடமும் 'சாவோ' சொல்வதும் தவறுதான், ஏனென்றால் அது நட்பாக இருப்பவர்களுக்கு மட்டும். இத்தாலியனிலும் நீ, நீங்கள் உண்டு: தூ, லேய். பெரியவர்களையும் தெரியாதவர்களையும் லேய் என்றுதான் விளிப்பார்கள். நமக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. யார் வீட்டுக்காவது அழைத்தால் வாசலில் 'பெர்மெஸ்ஸோ' என்று கேட்டுவிட்டு உள்ளே காலெடுத்து வையுங்கள். சந்தையில் தக்காளியை அமுக்கிப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். கடைக்காரர்தான் எடுத்துத் தருவார்.

டிக்கெட், கதவு, கேமரா

லியோனார்தோவின் 'கடைசி இராவுணவு' ஓவியத்துக்கு மிலானில் நேரில் போய் நின்றால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். சின்னக் குழுக்களாக, 15 நிமிடம் மட்டும் உள்ளே விடுகிறார்கள். முன்பதிவு வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். ரோமின் போர்கேசே கலைக்கூடத்துக்கும் முன்பதிவு கட்டாயம். ஃபுளோரன்ஸின் உஃபீட்சி கலைக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசம், ஆனால் அன்றைய வரிசையைப் பார்த்தால் காசு கொடுத்தே போயிருக்கலாம் என்று தோன்றும்.

கோயில்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும்தான். வட்டார ரயிலின் காகித டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட மறந்தால் அபராதம். கையில் டிக்கெட் இருக்கிறதே என்ற வாதம் செல்லாது. வாடகைக் கார் எடுத்தால் 'இசட்.டி.எல்.' பலகையைக் கவனியுங்கள். பழைய நகர்ப்பகுதிக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் கேமரா பிடிக்கும், ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து வீட்டுக்குக் காகிதம் வரும். தெருவில் விற்கிற போலி பிராண்டு கைப்பையை வாங்கினால் விற்றவருக்கு மட்டுமல்ல, வாங்கியவருக்கும் அபராதம்.

ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ. பேரரசர் அகஸ்டஸ் காலத்து விடுமுறையின் தொடர்ச்சி. அந்த வாரங்களில் ரோமிலும் மிலானிலும் உள்ளூர்க்காரர்கள் கடலுக்குப் போய்விடுவார்கள், நல்ல கடைகள் பூட்டிக் கிடக்கும். அந்த மாதம்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் சியன்னாவுக்குப் போங்கள். ஜூலை 2-லும் ஆகஸ்ட் 16-லும் அங்கே பலியோ குதிரைப் பந்தயம். ஓட்டம் ஒன்றரை நிமிடம்கூட நீளாது. அதைப் படம் பிடிக்க மட்டும் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். ஊரின் 17 பேட்டைகளில் பந்தயத்தில் ஓடுகிற பத்தும் அதற்கு முந்தைய நாட்களில் தெருவில் மேசை போட்டு ஒன்றாகச் சாப்பிடுவதும், பந்தய நாளன்று குதிரையைக் கோயிலுக்குள் கூட்டிப்போய் ஆசி வாங்குவதும்தான் விழா. அழகாக இருக்கிறதே என்று ஏதோ ஒரு பேட்டையின் கழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டு எதிர்ப்பேட்டைத் தெருவில் நடக்காதீர்கள்.

சிசிலியில் பலெர்மோவுக்குப் போகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். இலங்கைத் தமிழர்கள் பல ஆண்டுகளாக அங்கே வாழ்கிறார்கள். பெரும்பாலோர் இந்துக்கள். ஆனாலும் ஊர்க்காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு, மோந்தே பெல்லெக்ரினோ மலைமேல், போய் வணங்குவார்கள். 1624-இல் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவள் என்று பலெர்மோக்காரர்கள் கொண்டாடுகிற புனிதை அவள். பாறையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தலையில் விழாமல் இருக்கத் தகரத் தகடுகளை வளைத்து மேலே பொருத்தியிருக்கிறார்கள். ஒரு துப்பட்டா எடுத்துப் போங்கள். தோளை மூடவும் ஆகும், வெயில் காலத்திலும் உள்ளே சில்லென்று இருக்கும்.