யானைமலை எழும் முன்: ஃபேன்டஸி படத்தின் முதல் பத்து நிமிடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாயாஜால சாகசக் கதைக்கு மதுரையைப் போல விளைந்த மண் தமிழ்நாட்டில் குறைவு. திருவிளையாடல் புராணத்தின் 64 படலங்களில் மூன்றை மட்டும் எடுத்தாலே போதும். மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையும் பாம்பும் பசுவும்தான் விழுந்து யானைமலை, நாகமலை, பசுமலை என்று கிடக்கின்றன என்கிறது அது. டவுன் பஸ் ஜன்னலிலேயே மூன்றையும் பார்த்துவிடலாம். இங்கே குறும்படம், பைலட் (பெரிய படத்துக்கு முன்னோட்டமாக எடுக்கும் மாதிரிப் படம்) என்று இறங்கும் பிள்ளைகளுக்குக் கதை கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தக் கதைகளில் பாதி முதல் பத்து நிமிடத்திலேயே படுத்துவிடுகின்றன.

ஃபேன்டஸி படம் பார்க்க உட்காருகிறவர் மனதில் முதலில் ஓடுவது ஒரே கேள்விதான்: இந்த உலகத்தில் என்னவெல்லாம் நடக்கும், என்ன நடக்காது? அதற்குப் பதில் சொல்வதுதான் ஓப்பனிங்கின் வேலை. மற்ற எதையும் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

யானைமலைக்கு மறுபடி உயிர் வருகிற கதை ஒன்றை வைத்துக்கொள்வோம். முதல் டிராஃப்ட் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: திரை இருட்டு, ஒரு கனத்த குரல், "பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு..." பழைய வரைபடம் விரிகிறது. மூன்று அரசர்கள், ஒரு முனிவர், ஒரு சாபம், ஒரு ரத்தினம், இரண்டு போர். மூன்று நிமிடம் கழித்து நிறுத்திவிட்டு, பார்த்தவரிடம் அந்த அரசர்களின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றும் வராது. யாரென்றே தெரியாத ஆட்களின் வம்சாவளியை யார்தான் மனதில் வைத்துக்கொள்வார்கள்?

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில், "2001-இல் வந்த லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் அப்படித்தானே ஆரம்பிக்கிறது?" என்பது. ஆமாம், வாய்ஸ் ஓவரில்தான் ஆரம்பிக்கிறது, நீளமாகவும் போகிறது. ஆனால் அதில் நம் கண் ஒரே ஒரு மோதிரத்தின் பின்னால் போகிறது. அது யார் கையில் இருந்தது, யார் கைக்கு மாறியது, எப்படித் தொலைந்தது என்பதுதான் அங்கே கதை. பெயர்கள் மறந்தாலும் மோதிரம் மறக்காது. உங்கள் முன்கதையில் அப்படிக் கண்ணில் நிற்கிற ஒரு பொருள் இருந்தால் வாய்ஸ் ஓவர் வையுங்கள். இல்லையென்றால் அதை எடுத்துவிட்டு ஒரு காட்சி எழுதுங்கள்.

எப்படிப்பட்ட காட்சி? ஒத்தக்கடைப் பக்கம், மலையடிவாரம். அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள். பொழுது இறங்குகிறது. ஒரு சின்னப் பையன் மலையை நோக்கி விரலை நீட்டி, "அப்பத்தா, அங்க பாரு, அதோட காது..." என்கிறான். சொல்லி முடிப்பதற்குள் அப்பத்தா அவன் கையைத் தட்டிவிடுகிறாள். "பொழுது சாஞ்சா அதைச் சுட்டக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? கடி, வெரலக் கடி!" அவன் விரலைக் கடித்துக்கொள்கிறான். அவளும் கண்ணை மலைப்பக்கம் கொண்டுபோகாமல் பட்டியை இழுத்துக் கட்டுகிறாள். நடுராத்திரி. படுத்திருந்த ஆடுகள் ஒவ்வொன்றாக எழுந்து, அத்தனையும் மலைக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன.

இவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகாது, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் ஷாட் ஒன்றுகூட இல்லை. ஆனால் பார்க்கிறவருக்கு ஒரு விதி தெரிந்துவிட்டது, அந்த விதியை நம்புகிற ஒரு கிழவி தெரிந்துவிட்டாள், விதி மீறப்பட்டுவிட்டது என்பதும் தெரிந்துவிட்டது. பிஞ்சைச் சுட்டினால் அழுகிவிடும் என்று கேட்டு வளர்ந்த நம் ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். வெளியூர்க்காரருக்கோ அப்பத்தாவின் கை போன வேகமே போதும். சாபத்தின் வரலாறு அரை மணி நேரம் கழித்து வரட்டும். அதற்குள் அதைத் தெரிந்துகொள்ள அவர்களே ஆசைப்படுவார்கள்.

அடுத்த தவறு, இப்படி வைத்த விதியை மறந்துவிடுவது. சுட்டினால்தான் யானை விழிக்கும் என்று சொல்லிவிட்டு, இடைவேளையில் இடி விழுந்து மலை எழுகிறது என்றால் கதையின் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். அந்த விரல் கிளைமாக்ஸில் திரும்ப வர வேண்டும். இந்த முறை யாராவது தெரிந்தே நீட்ட வேண்டும். 1981-இல் வந்த ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க் படத்தின் முதல் காட்சியைப் பாருங்கள். அத்தனை பொறிகளையும் தாண்டி விமானத்தில் ஏறிய நாயகன், சீட்டில் கிடக்கும் பாம்பைப் பார்த்து அலறுகிறான். அங்கே அது சிரிப்புக்கு. பிற்பாதியில் அவன் இறங்க வேண்டிய இடமே பாம்புகள் நெளியும் குழி. முதல் காட்சியில் போட்ட முதலீட்டை வட்டியோடு எடுக்கிறார்கள்.

கலப்படம் இன்னொரு தொல்லை. இந்த வகைப் படங்கள் தொடங்குவதற்கு வழக்கத்தில் சில பாதைகள் உண்டு. முன்கதை சொல்லித் தொடங்குவது ஒன்று. நாயகன் ஏற்கெனவே ஒரு சாகசத்தின் நடுவில் இருப்பது இன்னொன்று. சாதாரண வாழ்க்கையைக் காட்டிவிட்டு மாய உலகத்துக்குள் தள்ளுவது மூன்றாவது. 1939-இல் வந்த தி விசார்ட் ஆஃப் ஓஸ் ஏறத்தாழ இருபது நிமிடம் பழுப்பு நிறக் கான்சஸ் பண்ணையிலேயே இருந்துவிட்டு, கதவு திறந்ததும் வண்ணத்துக்கு மாறுகிறது. நான்காவது, கைக்குழந்தையை யாரோ காப்பாற்றுவது. 2015-இல் வந்த பாகுபலியில் முதுகில் அம்பு தைத்த ஒரு பெண், வெள்ளத்தில் மூழ்கிக்கொண்டே குழந்தையை மட்டும் ஒரு கையில் தூக்கிப் பிடிக்கிறாள். அவள் யார், அம்பு யாருடையது என்று அப்போது சொல்வதே இல்லை. சொல்லாததால்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

நம் பிள்ளைகள் நான்கையும் வரிசையாக வைத்துவிடுகிறார்கள். முன்கதை, குழந்தை, சண்டை, அப்புறம் கிராமத்துப் பாட்டு. படம் நான்கு முறை ஆரம்பிக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். எல்லாமே கனவு என்று எழுப்பிவிடுகிற ஐந்தாவது பாதையும் உண்டு. அதைத் தொடவே வேண்டாம்.

மாஸ் இன்ட்ரோவும் இந்த வகைக்கு ஒத்துவராது. சாகசக் கதையில் நாயகன் வளர்வதற்கு இடம் வேண்டும். வரும்போதே பத்துப் பேரை அடித்தால் யானை எழுந்தால் என்ன, விழுந்தால் என்ன? திருவிழாக்களில் நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தைப் பாருங்கள். விடிய விடிய நடக்கிற ஆட்டத்தில் முதலில் மேடைக்கு வருவது பபூன். ஜனங்களிடம் பேசி, பாடி, அவர்களைக் கைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் வள்ளியும் முருகனும். பெரிய ஆளை நிறுத்திவைக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர் நாடகக்காரர்கள். மலையும் அப்படித்தான், முதல் காட்சியிலேயே தும்பிக்கையைத் தூக்கிவிட்டால் கடைசிக் காட்சிக்கு என்ன மிச்சம்?

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இரவல் உலகம். தொப்பி அங்கி, பனிமூட்டம், கூர்முனைக் கோட்டை. வைகைக் கரையில் யாருக்கு அந்த அங்கி? உள்ளூர்ப்படுத்துகிறேன் என்று கிளம்புகிறவர்களோ நேராகத் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகிறார்கள். அழகான இடம்தான். ஆனால் அது 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், எத்தனையோ படங்களில் வந்த தூண்கள். சங்ககாலப் பாண்டியனை அதன் வளைவுகளுக்குக் கீழே நிறுத்தினால், பார்க்கிறவர் கதையை விட்டு இறங்கி "இது நம்ம மகாலு" என்று சொல்லிவிடுவார். சங்ககாலச் சாயல் வேண்டுமென்றால் பக்கத்தில் கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது, 2023-இல் திறந்தது. கறுப்பு சிவப்புப் பானை, உறைகிணறு, செங்கல் கட்டுமானம் எல்லாவற்றையும் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஆர்ட் டைரக்‌ஷன் பார்க்கிற பையன் ஒரு நாள் முழுக்க அங்கே நோட்டும் கையுமாக இருந்தால், அந்தப் படத்தின் பானையைப் பார்த்தாலே தெரியும். முற்காலப் பாண்டியர் சாயலுக்கு யானைமலையிலேயே 8-ஆம் நூற்றாண்டு நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது.

வசனத்தில் ஒரே ஒரு விஷயம். அரசன் செந்தமிழிலும் சேவகன் மதுரைப் பேச்சிலும் பேசலாம், தவறில்லை. ஒரே ஆள் இரண்டிலும் மாறி மாறிப் பேசக் கூடாது. முதல் காட்சியில் எந்தப் பேச்சோ, அதுதான் கடைசி வரை.

படப்பிடிப்புக்குப் போவதற்கு முன் வெளிச்சத்தையும் யோசியுங்கள். மதுரைப் பக்கமிருந்து பார்த்தால் விடியலில் சூரியன் யானைமலைக்குப் பின்னால் இருக்கும். மலை கறுப்பு உருவமாகத் தெரியும், யானை வடிவம் அப்போதுதான் எடுப்பாக நிற்கும். சாயங்காலம் வெளிச்சம் நேராகப் பாறையில் விழும், ஒவ்வொரு மடிப்பும் தெரியும். அப்பத்தா காட்சிக்குச் சாயங்காலம், மலை அசைகிற காட்சிக்கு விடியல் என்று ஸ்கிரிப்ட்டிலேயே எழுதிவிடுங்கள். குடைவரை, சமணத் துறவிகளின் கற்படுக்கை பக்கமெல்லாம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், அங்கே கேமரா வைக்க முன்கூட்டியே அனுமதிக்கு எழுதிக் கொடுங்கள். அது கைக்கு வந்த பிறகே ஸ்டோரிபோர்டை, அதாவது ஷாட் ஷாட்டாக வரைந்து வைக்கும் படங்களை, முடிவு செய்யுங்கள்.