கிரப்பை நீக்கி விண்டோஸை மட்டும் வைத்துக்கொள்வது எப்படி?

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டு என்ற லினக்ஸும் இருக்கின்றன. ஆன் செய்ததும் இரண்டில் எது வேண்டும் என்று மெனு காட்டும் சிறு நிரல்தான் கிரப். உபுண்டு இனி வேண்டாம், அந்த இடம் திரும்பக் கிடைத்தால் போதும் என்று முடிவு செய்கிறீர்கள். உடனே டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து லினக்ஸ் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கில் உபுண்டுவுக்கு ஒதுக்கிய பகுதியை, அழித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் அடுத்த முறை ஆன் செய்யும்போது கறுப்புத் திரையில் 'கிரப்>' என்று ஒரே ஒரு வரிதான் வரும். என் அண்ணன் மகள் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு அழுதுகொண்டே ஃபோன் செய்தது இதற்காகத்தான். மறுநாள் காலை அவளுக்கு புராஜெக்ட் ரிவியூ. அவளுடைய கோப்புகள் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தன, ஆனால் அது அவளுக்குத் தெரிய வழியில்லை.

அவள் செய்த ஒரே தவறு வரிசையை மாற்றியதுதான். முதலில் விண்டோஸ் தானாகவே பூட் ஆகும்படி (தொடங்கும்படி) செய்ய வேண்டும், லினக்ஸை அழிப்பது அதற்குப் பிறகுதான்.

ஏன் என்று கொஞ்சம் பார்ப்போம். கிரப் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அதன் சிறிய தொடக்கப் பகுதி, ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற தனி இடத்தில், விண்டோஸின் பூட் கோப்புகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மெனுவும் மற்ற கோப்புகளும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கின்றன. லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தால் தொடக்கப் பகுதி மட்டும் மிஞ்சும். அது எழுந்து தன் மெனுவைத் தேடும், கிடைக்காமல் நின்றுவிடும்.

தொடங்கும் முன்

ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறங்கள். 'பயாஸ் மோட்' என்ற வரியில் யூஈஎஃப்ஐ என்று இருந்தால் கீழே உள்ள படிகள் அப்படியே உங்களுக்குப் பொருந்தும். லெகசி என்று இருந்தால் அது பழைய முறை, அதற்குத் தனியாகச் சொல்கிறேன்.

உபுண்டுவில் வைத்திருக்கும் படங்கள், ஆவணங்களை பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸால் நேரடியாகப் படிக்க முடியாது என்பதால் அழித்த பிறகு தேடிப் பயனில்லை.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிரைவில் உள்ளதை என்கிரிப்ட் செய்து பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. உங்கள் டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருந்தால், பூட் அமைப்பை மாற்றியதும் 48 இலக்க ரெகவரி கீயை விண்டோஸ் கேட்கலாம். பல புது லேப்டாப்களில் நமக்குத் தெரியாமலே இது ஆன் ஆகியிருக்கும். பெரும்பாலும் கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். தயவுசெய்து இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கீ இல்லாவிட்டால் விண்டோஸ் பக்கம் இருக்கும் கோப்புகளைத் திறக்க வழியே இல்லை.

முடிந்தால் விண்டோஸ் ரெகவரி பென்டிரைவ் ஒன்றும் செய்து வையுங்கள்.

படி 1: பூட் வரிசையில் விண்டோஸை முதலில் வையுங்கள்

கணினியை அணைத்து ஆன் செய்தவுடன் பயாஸ் என்ற கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போகும் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், ஏசர், ஏசூஸ் லேப்டாப்களில் பெரும்பாலும் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, டெஸ்க்டாப் மதர்போர்டுகள் பலவற்றில் டெலீட். உள்ளே 'பூட்' பகுதியில் 'உபுண்டு' முதலிலும் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' அதற்குக் கீழேயும் இருக்கும். விண்டோஸை மேலே நகர்த்தி, சேவ் செய்து வெளியே வாருங்கள்.

இப்போது கிரப் மெனு வராமல் நேராக விண்டோஸ் வர வேண்டும். ஒருமுறைக்கு இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். இது சரியாக நடக்காதவரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். அப்புறம் ஒன்று: கிரப் மெனு வராமல் இருந்தால் போதும், உபுண்டு இருந்துவிட்டுப் போகட்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

படி 2: லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தல்

ஸ்டார்ட் பட்டன்மீது ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறங்கள். டிரைவ் எழுத்து இல்லாமல், கோப்பு முறையின் பெயரும் இல்லாமல் இருப்பது லினக்ஸ் பார்ட்டிஷன். நிறுவியபோது எத்தனை ஜிபி கொடுத்தீர்கள் என்பதை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். 'ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்', 'ரெகவரி பார்ட்டிஷன்' என்று எழுதியிருப்பவற்றுக்கும் டிரைவ் எழுத்து இருக்காது. அவற்றைத் தொடவே கூடாது.

லினக்ஸ் பார்ட்டிஷன்மீது ரைட் கிளிக் செய்து 'டெலீட் வால்யூம்' கொடுங்கள். அந்த இடம் 'அன்அலோகேட்டட்' ஆகிவிடும். அது சி டிரைவுக்கு அடுத்து ஒட்டியே இருந்தால், சி மீது ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மூலம் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் வேறு பார்ட்டிஷன் இருந்தால் அந்தத் தேர்வு மங்கலாகத்தான் தெரியும். அப்போது அந்த இடத்தில் புது டிரைவ் ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: மிச்சமிருக்கும் கிரப்பைத் துடைத்தல்

இதைச் செய்யாமல் விட்டாலும் விண்டோஸ் ஓடும். ஆனால் சில கணினிகளில் பயாஸ் அப்டேட் ஆனதும் பூட் வரிசை மாறி, செத்துப்போன கிரப் மறுபடி முன்னால் வந்து நிற்கும். அதனால் நான் செய்துவிடுவேன்.

கமாண்ட் பிராம்ப்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' மூலம் திறங்கள். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

டிஸ்க்பார்ட்
லிஸ்ட் வால்யூம்

பட்டியலில் 'ஃபேட்32' என்றும், பெரும்பாலும் 100 எம்பி அளவிலும், கடைசிப் பத்தியில் 'சிஸ்டம்' என்றும் இருப்பதுதான் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன். அதன் எண் 3 என்று வைத்துக்கொள்வோம்.

செலக்ட் வால்யூம் 3
அசைன் லெட்டர்=எஸ்
எக்ஸிட்

அடுத்து:

எஸ்:
சிடி ஈஎஃப்ஐ
டிர்

மைக்ரோசாஃப்ட், பூட், உபுண்டு என்ற ஃபோல்டர்கள் தெரியும். கணினி நிறுவனத்தின் பெயரில் ஒன்றும் இருக்கலாம். உபுண்டுவை மட்டும் நீக்குங்கள்:

ஆர்டி /எஸ் உபுண்டு

உறுதியா என்று கேட்கும், ஒய் கொடுங்கள். முடிந்ததும் மறுபடி டிஸ்க்பார்ட்டுக்குள் போய் அதே வால்யூமைத் தேர்ந்தெடுத்து, 'ரிமூவ் லெட்டர்=எஸ்' கொடுத்துவிடுங்கள். பயாஸ் பட்டியலில் உபுண்டு என்ற பெயர் இன்னும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது வெறும் பெயர்தான். பல பயாஸ்களில் அங்கேயே அதை நீக்க வசதி உண்டு.

லெகசி கணினி என்றால்

பழைய முறையில் ஹார்ட் டிஸ்கின் முதல் 512 பைட்டில் கிரப்பின் தொடக்கம் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் ரெகவரி பென்டிரைவில் பூட் செய்து, டிரபுள்ஷூட் வழியாகக் கமாண்ட் பிராம்ப்டுக்குப் போய் 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' கொடுங்கள். அது பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடாமல் தொடக்க நிரலை மட்டும் விண்டோஸுடையதாக மாற்றிவிடும். இங்கும் விண்டோஸ் தானாக வருகிறதா என்று பார்த்த பிறகே லினக்ஸை அழியுங்கள். யூஈஎஃப்ஐ கணினிகளுக்கும் இதே கட்டளையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அங்கே பூட் ஆவதற்கு அந்த நிரல் பயன்படுவதே இல்லை, அதனால் பலனும் இருக்காது.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா?

யூஈஎஃப்ஐ கணினியில் 'கிரப்>' என்று நின்றால், ஆங்கிலத்தில் 'எக்ஸிட்' என்று தட்டி என்டர் கொடுத்துப் பாருங்கள். பல கணினிகளில் அடுத்த வரிசையில் இருக்கும் விண்டோஸ் எழுந்துவிடும். இல்லையென்றால் அணைத்து ஆன் செய்து, பூட் மெனு விசையை அழுத்துங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. அதில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருக்கும். அண்ணன் மகளின் லேப்டாப்பை அன்றிரவு ஃபோனிலேயே இப்படித்தான் எழுப்பினோம். உள்ளே வந்ததும் படி 1-ஐயும் படி 3-ஐயும் செய்துவிடுங்கள்.

பட்டியலில் விண்டோஸே இல்லையென்றால் ரெகவரி பென்டிரைவ் தேவைப்படும். அதன் கமாண்ட் பிராம்ப்டில், மேலே சொன்னபடி ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு எஸ் என்ற எழுத்தைக் கொடுத்துவிட்டு இதைத் தட்டுங்கள் ('பிசிடி' என்பது 'பூட் கான்ஃபிகரேஷன் டேட்டா' என்பதன் முதல் எழுத்துகள்):

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஈஎஃப்ஐ

ரெகவரியில் விண்டோஸ் டிரைவ் சில நேரம் சி-க்குப் பதில் டி என்று வரும். 'லிஸ்ட் வால்யூம்' பட்டியலில் அளவைப் பார்த்து, சரியான எழுத்தைப் போடுங்கள்.