வன்னியில் முதல் கிற்றார் வாங்குகிறவர்களுக்கு: கடையில் நின்றே செய்யக்கூடிய சோதனைகள்

கிற்றார் பழக வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கி, இரண்டு மூன்று மாதத்தில் அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்ட பிள்ளைகள் கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள், முல்லைத்தீவிலும் இருக்கிறார்கள். "இவனுக்குக் கை வரேல்லை" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அந்தக் கிற்றாரை இறக்கி வடிவாகப் பார்த்தால், பல நேரம் தந்திகள் கழுத்துப் பலகையிலிருந்து எக்கச்சக்கமாக உயர்ந்து நிற்கும். பல வருடம் வாசித்தவருக்கே அதை அழுத்தக் கை நோகும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

ஆகவே முதல் கிற்றாரில் மூன்று விஷயம் பாருங்கள்: அழுத்த இலகுவாக இருக்க வேண்டும், சுருதி நிற்க வேண்டும், எங்கள் வெயிலையும் மாரியையும் தாங்க வேண்டும். நிறம், பளபளப்பு, பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

1. நைலோனா, உருக்கா?

கடையில் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். நைலோன் தந்தி போட்டது கிளாசிக்கல் கிற்றார். அதன் தலைப்பகுதியில் இரண்டு நீளமான துளைகள் இருக்கும், கழுத்து அகலமாக இருக்கும். உருக்குத் தந்தி போட்டதைத்தான் பொதுவாக அக்கூஸ்ரிக் என்கிறோம். கழுத்தின் தொடக்கத்தில் கிளாசிக்கல் ஏறத்தாழ 52 மிலிமீற்றர் அகலம், அக்கூஸ்ரிக் 43 மிலிமீற்றர் அளவு. சின்ன வித்தியாசம் போலத் தெரிந்தாலும் விரலுக்கு நன்றாகத் தெரியும்.

கோயில் பாடகர் குழுவில் வாசிக்க, நண்பர்களோடு சேர்ந்து பாட, பொப்பிசை, பைலா, சினிமாப் பாட்டு என்றால் உருக்குத் தந்திதான் பொருத்தம். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு என்றால் நைலோன் தந்தி போட்ட முக்கால் அளவுக் கிற்றாரை எடுங்கள். விரல் நுனி அவ்வளவு நோகாது, பிள்ளை விட்டுவிட்டு ஓடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கட்டாயம் கவனம் வேண்டும். கிளாசிக்கல் கிற்றாரில் ஒருபோதும் உருக்குத் தந்தி மாட்டக் கூடாது. ஆறு நைலோன் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ இழுவையைத்தான் கொடுக்கும். உருக்குத் தந்தி செட் ஒன்று 70 கிலோ அளவுக்கு இழுக்கும். தந்தி அறுந்தால் கையில் கிடைத்த தந்தியை மாட்டிவிடுகிற பழக்கம் எங்கள் பக்கம் நிறைய. சில மாதத்தில் பிரிட்ஜ், அதாவது முன்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் கட்டை, பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

உடல் அளவையும் பாருங்கள். கடைகளில் அதிகம் இருப்பது ட்ரெட்நோட் என்கிற பெரிய உடல். கதிரையில் இருந்து கிற்றாரை மடியில் வைத்து வலது கையை மேலால் போடுங்கள். தோள் காதை நோக்கி உயர்ந்தால் அது உங்களுக்குப் பெரிது. சிறிய உடலுள்ள கொன்சேர்ட் வகையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

2. மரம்

முன்பலகை ஒரே மரத்தால் ஆனதா, ஒட்டுப்பலகையா என்பதுதான் கிற்றார் விலையில் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவருவது. ஒரே மரம் என்றால் சத்தம் நிறைவாக இருக்கும், வாசிக்க வாசிக்க மெருகேறும் என்பார்கள். ஆனால் வீட்டு மரக்கதவு மாரியில் ஊதி இறுகுவது போல அந்தப் பலகையும் ஈரத்துக்கு ஊதும். முன்பலகை மேல் நோக்கி வளையும், அதோடு தந்தியும் உயரும். ஒக்ரோபரில் மழை தொடங்கி ஜனவரி வரை ஊர் ஊறிக் கிடக்கும், பிறகு சித்திரை வெயில், அதற்குப் பிறகு மாதக்கணக்காகச் சோளகக் காற்று. இந்த ஏற்ற இறக்கத்தில் ஒரே மரப் பலகையைப் பராமரிக்கப் பழக்கம் வேண்டும்.

அதனால் முதல் கிற்றாருக்கு ஒட்டுப்பலகை போதும் என்பதே என் முடிவு. யமஹா எப்310 அந்த வகைதான், புதிதாகப் பழகுகிறவர்கள் நம்பி எடுக்கலாம். அதைவிடக் கொஞ்சம் கூடச் செலவழிக்க முடியும், வீட்டில் ஒழுங்காக வைத்துப் பார்ப்பேன் என்றால், ஒரே மர முன்பலகை உள்ள எப்ஜி800 நல்லது. நைலோன் தந்தி என்றால் யமஹா சி40.

விற்பவர் "இது சொலிட்" என்று சொன்னால், நடுவில் உள்ள வட்டத் துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடுகள் அப்படியே விளிம்பில் மடிந்து கீழே இறங்கினால் ஒரே மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

3. போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

நான்கு ஐந்து வங்கி அட்டைகள், ஒரு துண்டு ஏ4 கடதாசி, சுருதியைக் காட்டும் ரியூனர் செயலி போட்ட போன். இலவசச் செயலியே போதும். வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் மிக நல்லது.

யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ போவதாக இருந்தால் காலையிலேயே போங்கள். பின்னேரம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அந்தரத்தில் கிற்றார் வாங்கக் கூடாது. இணையத்தில் படம் பார்த்து வாங்குவதை நான் முதல் கிற்றாருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். தந்தி எவ்வளவு உயரம் என்பது படத்தில் தெரியாது.

4. கடையில் செய்ய வேண்டியவை

முதல் வேலை, சுருதி கூட்டுவது. சுருதி கூட்டாத கிற்றாரில் எந்தச் சோதனையும் சரிவராது, தந்தி தளர்ந்திருந்தால் உயரமும் பொய்யாகத்தான் தெரியும். "அண்ணை, ஒருக்கா ரியூன் பண்ணித் தாங்கோ" என்று கேளுங்கள். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. தலையில் தந்தியை இறுக்கும் திருகுகளான கீகளைத் திருப்பும்போது ஒரே சீராகச் சுற்ற வேண்டும். சுற்றியும் கொஞ்ச நேரம் சுருதி மாறாமல் நின்று, பிறகு திடீரென்று துள்ளினால் கீயிலோ நட்டிலோ பிரச்சினை இருக்கிறது. நட் என்பது தலையும் கழுத்தும் சேருமிடத்தில் தந்திகள் ஏறிப் போகிற வெள்ளைத் துண்டு.

அடுத்தது தந்தி உயரம். இதற்குத்தான் வங்கி அட்டை. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கம்பிகளைப் பிரெட் என்போம். தலையிலிருந்து எண்ணினால் பன்னிரண்டாவது பிரெட்டுக்குப் பக்கத்தில், அக்கூஸ்ரிக்கில் பெரும்பாலும் இரண்டு புள்ளிகள் போட்டிருக்கும். வங்கி அட்டை ஒன்றின் தடிப்பு 0.76 மிலிமீற்றர். எழுத்துப் புடைக்காத பகுதியாகப் பார்த்து மூன்று அட்டைகளைச் சேர்த்து, பன்னிரண்டாவது பிரெட்டின் மேல், தடித்த ஈ தந்திக்குக் கீழே மெதுவாகச் செருகுங்கள். மூன்றும் தந்தியைத் தொட்டும் தொடாமலும் போனால் உயரம் 2.3 மிலிமீற்றருக்குக் கிட்ட. அருமையான உயரம். நான்காவது அட்டையும் தாராளமாகப் போய், இன்னும் இடம் இருந்தால் 3 மிலிமீற்றரைத் தாண்டிவிட்டது. அந்தக் கிற்றார் விரலை வதைக்கும். மெல்லிய ஈ தந்தியின் கீழ் இரண்டு அட்டை போக வேண்டும், மூன்று போனால் அது உயரம் கூட. இந்தக் கணக்கு உருக்குத் தந்திக்கு மட்டும். நைலோன் தந்தி அகலமாக அதிரும் என்பதால், அதில் தடித்த தந்திக்கு 4 மிலிமீற்றர், அதாவது ஐந்து அட்டை வரை, சாதாரணம்.

உயரம் கொஞ்சம் கூட என்றால் கிற்றாரை உடனே ஒதுக்க வேண்டியதில்லை. பிரிட்ஜில் செருகியிருக்கும் சாடில் என்ற வெள்ளைத் துண்டைக் கழற்றி அடிப்பக்கம் தேய்த்தால் தந்தி இறங்கும். 2 மிலிமீற்றர் தேய்த்தால் பன்னிரண்டாவது பிரெட்டில் 1 மிலிமீற்றர் இறங்கும். கடைக்காரர் அதைச் செய்து தருவார் என்றால் காத்திருந்து செய்வித்து வாங்குங்கள். சாடில் ஏற்கெனவே தாழ்ந்திருந்தும் தந்தி உயரமாக இருந்தால் கழுத்தின் கோணமே பிழை. அதை விட்டுவிடுங்கள்.

பிறகு கழுத்து. ஒரு கையால் தடித்த தந்தியை முதலாவது பிரெட்டில் அழுத்துங்கள், மற்றக் கையால் பதினான்காவது பிரெட்டில் அழுத்துங்கள். நடுவில், ஏழாவது பிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஒரு கடதாசி, இரண்டு கடதாசி போகிற அளவு இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் கழுத்து முற்றாக நேராகவோ பின்னால் வளைந்தோ இருக்கிறது, தந்தி இரையலாம். ஒரு வங்கி அட்டை போகிற அளவு இடைவெளி என்றால் முன்னால் வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை அலென் திறப்பால் திருப்பி இதைச் சரிசெய்யலாம், ஆனால் பழக்கமில்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம். கிளாசிக்கல் பலவற்றில் அந்தக் கம்பியே இல்லை, ஆகவே அவற்றில் கழுத்து நேராக இருப்பதை மட்டும் பாருங்கள்.

இனி ஒவ்வொரு தந்தியையும் முதலாவது பிரெட்டிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒவ்வொன்றாக அழுத்தித் தட்டுங்கள். மொத்தம் 72 சுரம், ஐந்து நிமிட வேலை. எங்காவது "ர்ர்ர்" என்று இரைந்தால், அல்லது இரண்டு பிரெட்டில் ஒரே சுரம் வந்தால், பிரெட் மட்டமாக இல்லை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் இதை முழுமையாகச் செய்யுங்கள், காசு உங்களுடையது.

பன்னிரண்டாவது பிரெட்டில் இன்னொரு சோதனை. பிரெட்டுக்கு நேர் மேலே தந்தியில் விரலை அழுத்தாமல் தொட்டபடி தட்டிவிட்டு விரலை எடுத்தால் மணி போன்ற ஒரு சுரம் கேட்கும். பிறகு அதே இடத்தில் அழுத்தித் தட்டுங்கள். ரியூனரில் இரண்டும் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்திய சுரம் நன்றாக ஏறிப் போனால், அந்தக் கிற்றாரில் கழுத்தில் உடலுக்குக் கிட்டிய பகுதியில் வாசிக்கும் எதுவும் சுருதியோடு சேராது.

பிரிட்ஜின் பின்விளிம்பில் கடதாசியைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் வாங்காதீர்கள். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டும்போது பிரெட் நுனிகள் கீறக் கூடாது. இது இரண்டும் ஒரு நிமிடம்.

5. வெளிநாட்டிலிருந்து வந்த கிற்றார், பாவித்த கிற்றார்

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமா கொண்டுவந்து கொடுத்த கிற்றார் எங்கள் பல வீடுகளில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதால் காற்று வறண்டு, மரம் சுருங்கும். அந்த மரம் வன்னிக்கு மாரி நேரத்தில் வந்தால் ஈரம் குடித்து ஊதும். வந்த உடனே தந்தி உயரத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் இரண்டு மூன்று கிழமை வீட்டுக் காற்றுக்குப் பழக விட்டுப் பாருங்கள். முன்பலகையில் மரக்கோட்டு வழியே வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விமானத்தில் அனுப்புவதாக இருந்தால் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்திவிடச் சொல்லுங்கள்.

பாவித்த கிற்றாரில் தலையும் கழுத்தும் சேருமிடத்தின் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். விழுந்து முறிந்து ஒட்டியிருந்தால் வண்ணத்துக்குக் கீழே ஒரு கோடு தெரியும்.

6. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

பஸ்ஸில் வரும்போது பின் டிக்கியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டால் உள்ளே இருக்கும் பசை இளகும். தகரக் கூரை வீடென்றால் கூரைக்குக் கிட்ட, அலுமாரிக்கு மேல் வைக்கவே கூடாது, மத்தியானத்தில் அங்கேதான் சூடு அதிகம். வெயில் படாத உட்சுவர்ப் பக்கம், பைக்குள், நிலத்தில் படாமல் வையுங்கள். மாரியில் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடலாம்.

முல்லைத்தீவு, மன்னார் போலக் கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்களுக்கு உப்புக்காற்றில் தந்தி கெதியாகத் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் ஒவ்வொரு தந்தியையும் காய்ந்த பருத்தித் துணியால் கீழ்ப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். கட்டுப்படியானால் மேற்பூச்சுள்ள தந்தி வாங்குங்கள், அதிக நாள் நிற்கும்.

விரல் நுனி முதல் இரண்டு மூன்று கிழமை நோகத்தான் செய்யும், அது காய்த்துப் போகும். நோவைக் குறைக்க 10 என்ற எண்ணில் தொடங்கும் மெல்லிய உருக்குத் தந்தி செட்டை மாட்டலாம். பல கிற்றார்கள் 12 எண் செட்டோடு வரும், அதோடு பார்த்தால் 10 கைக்கு மெத்தென்று இருக்கும். புதுத் தந்தி சில நாள் நீளும், அடிக்கடி சுருதி இறங்கும், அதற்காகக் கிற்றாரைக் குறை சொல்ல வேண்டாம். முதலாவது தந்தி என்கிற மெல்லிய ஈ தந்திதான் அதிகம் அறுவது. ஊருக்குப் பக்கத்துக் கடையில் அது கிடைக்காமல் போகலாம் என்பதால் கிற்றார் வாங்கும் அன்றே அதில் தனியாக இரண்டு வாங்கிப் பையின் பக்கப் பொக்கற்றில் போட்டு வையுங்கள்.