கான்டெஸாவின் அடிப்பக்கத்தைத் தோட்டத்துச் சாளையில் வைத்தே சரிசெய்வது

கான்டெஸாவுக்கு ஜீப் மாதிரி எடையைத் தாங்கும் தனிச் சேஸிஸ் சட்டம் கிடையாது. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விஎக்ஸ் காரை ஒட்டி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2002 வரை செய்த வண்டி இது. தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பேனலும் சேர்ந்துதான் மொத்த எடையையும் தாங்குகின்றன. மேலே பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும், அடியில் துரு தின்றிருந்தால் அதை நல்ல வண்டி என்று நான் சொல்ல மாட்டேன். அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஓட்டிய காரைப் பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்து வீடான சாளையில் நிறுத்தி நானே செய்தேன். பொறுமை இருந்தால் நீங்களும் செய்யலாம்.

மாசி, பங்குனியில் ஆரம்பியுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வந்துவிடும். பளிச்சென்று தேய்த்து வைத்த தகடு மறுநாளே மஞ்சள் பூத்துக் கிடக்கும்.

வண்டியைச் சிமென்ட் தளத்தில், நான்கு ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள். களத்து மண்ணில் ஸ்டாண்ட் புதையும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஹாலோ பிளாக்கும் வேண்டாம், அது சொல்லாமல் உடையும். ஸ்டாண்ட் வைத்ததும் வண்டியைப் பலமாக அசைத்துப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

பேட்டரி, சைலன்ஸர், சீட், கார்பெட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க் வெல்டிங் நடக்கும் இடத்திலேயே இருக்கக் கூடாது. காலி டேங்க்தானே என்று விடாதீர்கள், உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும். பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை இறக்கும் முன், அது இணையும் இடத்தில் இருக்கும் இரண்டு ஃபிளாஞ்சிலும் பஞ்ச்சால் அடையாளம் போடுங்கள்; மாற்றி மாட்டினால் வண்டி உதறும். காயில் ஸ்பிரிங்கை, அதை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவி இல்லாமல் தொட வேண்டாம்.

இனிமேல்தான் உண்மையான வேலை. பழைய தார்ப்பூச்சை ஹீட் கன்னால் இளக்கி, ஸ்கிரேப்பரால் வழித்தெடுக்க வேண்டும். புகை வருமளவுக்குச் சூடாக்காதீர்கள். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, மிச்சத்தைக் கிரைண்டரில் வயர் கப் மாட்டித் தேயுங்கள். அப்புறம் ஸ்குரூ டிரைவரின் பின்புறத்தால் சாண் சாணாகத் தட்டி வாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், கெட்டது மந்தமாகக் கேட்கும். எங்கள் வண்டியில் பின்சக்கரத்துக்கு முன்னால் இருந்த ஜாக்கி பாயின்ட் பார்வைக்குக் கெட்டியாகத்தான் இருந்தது. தட்டியதும் தார் ஓடு மட்டும் தனியே கழன்று விழுந்தது. அதன் பின்னால் இருந்த தகடு ஏடு ஏடாகப் பிரிந்து, உள்ளேயிருந்து செம்மண்ணும் தேங்காய் நாரும் ஈரத்தோடு கொட்டின. தண்ணீர் வெளியேற வைத்த ஓட்டையை அந்த மண் அடைத்திருந்தது. மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் தகட்டை உள்ளிருந்தே தின்றிருக்கிறது. ஆகவே ஓட்டைகள் எல்லாவற்றிலும் கம்பி விட்டுப் பாருங்கள்.

வெல்டிங்குக்கு வந்த மேஸ்திரி, "ஏனுங்க, இதும்மேலயே ஒரு தகட்ட வெச்சு ஒட்டித் தார அடிச்சு உட்டரலாமுங்களா?" என்றார். "வேண்டாமுங்க மேஸ்திரி, கெட்டத வெட்டியே எடுத்துருங்க" என்றேன். இரண்டு தகட்டுக்கு நடுவில் ஈரம் புகுந்தால் அது வெளியே வரவே வராது. தரைக்கு 20 கேஜ் சிஆர் ஷீட் (கோல்ட் ரோல்டு இரும்புத் தகடு), பலம் தாங்கும் இடத்துக்கு அதைவிடத் தடித்த 18 கேஜ். இரும்புக் கேட்டுக்குப் பிடிக்கும் ஆர்க் வெல்டிங் இந்தத் தகட்டைப் பொத்துவிடும், வாயு பாய்ச்சி மெல்லிய கம்பியால் பிடிக்கும் மிக் வெல்டிங்தான் சரி. ஒரே இழுப்பில் ஓட்டாமல் பொட்டு வைப்பதுபோல் இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்து, ஆறவிட்டு இடையை நிரப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் தகடு நெளியும். சில் பேனலை வெட்டுவதாக இருந்தால் முதலில் கதவு இடைவெளியை அளந்து, கதவுச் சட்டத்தின் குறுக்கே ஒரு குழாயைத் தற்காலிகமாகப் பொட்டு வெல்டிங்கில் டேக் அடித்துவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் வண்டி தொய்ந்து, கதவு சாத்தாது.

குழிகளில் தங்கிய துருவுக்குப் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் போதும். கழுவி, நன்றாகக் காயவிட்டு, தின்னரால் துடைத்தபின் எபாக்ஸி பிரைமர். கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும், அடிப்பக்கத்துக்கு ஆகாது. எபாக்ஸி காய்ந்ததும் இணைப்புகளில் இடுக்கை அடைக்கும் சீம் சீலர், மேலே வண்டியின் நிறத்திலேயே பியூ (பாலியூரிதேன்) பெயின்ட். பியூவில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது; துணியைக் கட்டிக்கொண்டு அதை ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. வீட்டில் பிரஷ்ஷாலேயே பூசுங்கள், அதற்கும் கையுறை, கார்ட்ரிட்ஜ் மாஸ்க், நல்ல காற்றோட்டம் வேண்டும். திரும்பவும் கறுப்புத் தார் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஒரு கீறல் விழுந்தால் போதும், துரு உள்ளுக்குள்ளேயே பரவும், நமக்குத் தெரியாது. பெயின்ட்டில் அன்றைக்கே தெரிந்துவிடும்.

நட்டு போல்ட்டுகளுக்கு ஜிங்க் பிளேட்டிங் செய்யக் கோவையில் பட்டறைகள் நிறைய உண்டு. தலையில் 10.9 என்று பொறித்த உறுதி கூடிய போல்ட்டுகளைக் கொடுக்காதீர்கள். பிளேட்டிங்கில் ஹைட்ரஜன் ஏறி, பிற்பாடு சடக்கென்று முறியலாம். அவற்றைப் புதிதாகவே வாங்குங்கள்.

மாட்டும்போது பிரேக் பைப்பும் ஹோஸும் புதிது போடுங்கள். சில் பேனலுக்குள் துருவைத் தடுக்கும் கேவிட்டி மெழுகை அடித்துவிட்டு, ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று மறுபடி பாருங்கள். சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் போல்ட்டுகளை ஸ்டாண்டில் இருக்கும்போது லேசாக மட்டும் மாட்டி, சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கியபின் முறுக்குங்கள். தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் சீக்கிரமே கிழியும். பிரேக் பைப்பில் புகுந்த ஏரை வெளியே எடுத்து, களத்துக்குள்ளேயே மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு, எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை முறுக்கிய பிறகே ரோட்டில் இறக்குங்கள்.