மூன்று எஸ். சந்திரசேகர்கள்: ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக் காட்டும் பக்கம் எழுதுவது எப்படி

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரே பெயருள்ள பலரைப் பிரித்துக் காட்டும் பக்கத்தைப் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம் என்கிறோம். புதிதாக எழுத வருபவர்கள் பழகிப் பார்க்க ‘எஸ். சந்திரசேகர்’ நல்ல எடுத்துக்காட்டு. இதில் எளிதாக ஏமாந்துவிடலாம்.

1. முதலெழுத்தை விரியுங்கள். ‘எஸ்.’ என்ற ஆங்கில எழுத்து மூன்று வேறு பெயர்களை மறைக்கிறது. சுப்பிரமணியன் சந்திரசேகர், வானியற்பியலாளர் (1910–1995). சிவராமகிருஷ்ண சந்திரசேகர், திரவப் படிக (திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் படிகம்போல் ஒழுங்காக அமைந்த பொருள்) ஆய்வாளர் (1930–2004). ஸ்ரீபதி சந்திரசேகர், மக்கள்தொகை அறிஞர், 1967இல் நடுவண் அமைச்சரானவர் (1918–2001). தமிழ் முதலெழுத்துப் போட்டால் சு., சி., ஸ்ரீ. என்று தாமாகவே பிரிந்துவிடுகிறார்கள். ஆகவே ஆங்கில முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

2. ஆளுக்கொரு வரி குறித்துக்கொள்ளுங்கள். முழுப்பெயர், பிறந்த ஆண்டும் ஊரும், துறை, வேறு யாருக்கும் பொருந்தாத ஒரு தகவல் என்று நான்கு கட்டங்கள் போதும். நான்காவது கட்டம்தான் உயிர்நாடி. அதை நிரப்பும்போதுதான் தவறு நேர்கிறது.

முதல் இருவரையும் பாருங்கள். இருவரும் சி. வி. இராமனின் உறவினர்கள்: ஒருவர் அவருடைய அண்ணன் மகன், மற்றவர் சகோதரி மகன். இருவரும் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். இருவரும் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்கள், அதன் ராயல் பதக்கமும் இருவருக்கும் கிடைத்தது. முன்னவருக்கு 1962இல், பின்னவருக்கு 1994இல். ‘இராமனின் உறவினர், ராயல் பதக்கம் பெற்றவர்’ என்ற குறிப்பு இருவருக்குமே பொருந்தும் என்பதால் அது பயன்படாது. 1983ஆம் ஆண்டும் குழப்பும். அந்த ஆண்டில்தான் சுப்பிரமணியனுக்கு நோபல் பரிசு, சிவராமகிருஷ்ணருக்கு ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி. பத்ம விருதுகளிலோ ஒருவருக்கு விபூஷண் (1968), மற்றவருக்குப் பூஷண் (1998).

பிரித்துக் காட்டும் தகவல் கண்டுபிடிப்பில் இருக்கிறது. வெண்குறு விண்மீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) நிறைக்கு வரம்பு சொன்னவர் முன்னவர் (சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு). தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று பெங்களூரில் 1977இல் உடன் ஆய்வாளர்களோடு காட்டியவர் பின்னவர்.

3. கட்டுரைத் தலைப்பில் பெயருக்குப் பின் வரும் அடைப்புக்குறிச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். முழுப்பெயரே வேறாக இருந்தால் அடைப்புக்குறி தேவையில்லை. அது தேவைப்படும் இடத்தில் ‘(இயற்பியலாளர்)’ என்று போட்டால் இங்கே இருவருக்கும் பொருந்தித் தொலைக்கும். ‘(வானியற்பியலாளர்)’ என்ற அளவுக்குக் குறுக்குங்கள்.

4. பக்கத்தை எழுதுங்கள். ‘எஸ். சந்திரசேகர் என்ற பெயர் பின்வருவோரைக் குறிக்கலாம்:’ என்று தொடங்குங்கள். பிறகு ஆளுக்கொரு வரி, அதில் ஒரே ஓர் இணைப்பு. வரலாறு சொல்ல வேண்டாம், பத்துச் சொற்களுக்குள் முடியுங்கள். பிறந்த ஆண்டு வரிசையில் அடுக்கினால் யாருக்கு முதலிடம் என்ற சச்சரவு எழாது. சுழற்பந்து வீச்சாளர் பகவத் சந்திரசேகருக்கும் (58 டெஸ்டுகளில் 242 விக்கெட்டுகள்), முன்னாள் பிரதமர் சந்திரசேகருக்கும் ‘எஸ்.’ தலைப்பின் கீழ் இடமில்லை. அவர்களை ‘சந்திரசேகர்’ என்ற பொதுப் பக்கத்தில் சேருங்கள். கடைசியில் பக்கவழி நெறிப்படுத்தலுக்கான வார்ப்புருவை (பக்கத்தின் வகையைக் காட்டும் ஆயத்தக் குறிப்பு) இட மறவாதீர்கள்.

5. இணைப்புகளைத் திருத்துங்கள். பெரும்பாலானோர் இந்த வேலையை விட்டுவிடுகிறார்கள். இந்தப் பக்கத்துக்கு இணைப்புத் தரும் கட்டுரைகளைக் காட்டும் ‘இப்பக்கத்தை இணைத்தவை’ பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு கட்டுரையிலும் அந்த வாக்கியத்தைப் படித்து, உரிய ஆளுக்கு இணைப்பை மாற்றுங்கள். படத்தையும் சரிபாருங்கள்: பெயரை மட்டும் தட்டித் தேடி எடுத்த படம் பலமுறை மற்றவருடையதாக இருக்கும். படத்தின் விவரக்குறிப்பில் முழுப்பெயரும் ஆண்டும் இல்லையென்றால் அந்தப் படத்தைச் சேர்க்காதீர்கள்.