ஞாயிறு சமைத்து ஃப்ரீசரில் வைப்பது எப்படி? (ஆற வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது)

வீட்டில் நாங்கள் இரண்டு பேர், இருவருக்கும் ஷிப்ட் வேலை. ராத்திரி எட்டரைக்கு வந்து வெங்காயம் உரிக்கத் தெம்பில்லாமல், மாதத்தில் பாதி நாள் கடைப் பரோட்டாவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஒதுக்கிச் சமைத்து, ஃப்ரீசரில் போட்டு வைக்கிறேன். வார நாளில் அடுப்படியில் நிற்பது இருபது நிமிடம்தான். எப்படி என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாம்பார் வைக்கத் தெரியும், குக்கர் விசில் கணக்கு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எதைச் செய்து வைப்பது

முழுக் குழம்பைச் செய்து வைக்காதீர்கள். குழம்பில் நேரம் பிடிக்கிற பாதியை மட்டும் செய்து வையுங்கள். நான் வைப்பது மூன்றே மூன்று: வெங்காயத் தக்காளித் தொக்கு, வெந்த துவரம்பருப்பு, வெந்த கொண்டைக்கடலை. பருப்பும் தொக்கும் புளித்தண்ணீரும் சேர்ந்தால் சாம்பார். தொக்கில் கடலையைப் போட்டால் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று. வெறும் தொக்கில் முட்டையை உடைத்து ஊற்றினால் அது ஒரு நாள்.

ஏன் பாதி? உருளைக்கிழங்கு உறைந்து இளகினால் மணல் மாதிரி நெறுநெறுக்கும். முருங்கைக்காயில் நார்தான் மிஞ்சும், கத்தரிக்காய் கூழாகிவிடும். தயிரும் தேங்காய்ப்பாலும் திரிந்து தண்ணீர் தனியாக நிற்கும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகும். இவை எல்லாம் அன்றன்றைக்குச் சேர்க்க வேண்டியவை. தாளிப்பும் அப்படித்தான். ஞாயிறு தாளித்த கறிவேப்பிலைக்கு வியாழக்கிழமை வாசனை இருக்காது. சூடுபடுத்திய பிறகு தாளித்துக் கொட்டினால், அப்போதுதான் வைத்த குழம்பு மாதிரி இருக்கும். ஊரிலிருந்து வந்த அம்மா, "இது காலையில வச்சதா?" என்று கேட்டபோது, "தாளிச்சது இப்பதாம்மா" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை.

அளவு

இரண்டு பேருக்கு, பத்து நாளைக்கு: பெரிய வெங்காயம் ஒரு கிலோ, தக்காளி ஒரு கிலோ, இஞ்சி பூண்டு விழுது 100 கிராம், கடலை எண்ணெய் 150 மில்லி. எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை வதக்குங்கள். அடி கனமான சட்டியில் முக்கால் மணி நேரம் ஆகும். உப்பும் காரமும் பாதி போதும், மீதியைச் சாப்பிடுகிற அன்று சரிபார்த்துக்கொள்ளலாம். அது வதங்கும்போது பக்கத்து அடுப்பில் அரைக் கிலோ பருப்பு, அடுத்து முந்தின இரவே ஊறப் போட்ட அரைக் கிலோ கடலை.

ஆற வைப்பது (இதை மட்டுமாவது முழுசாகப் படியுங்கள்)

நான் இரண்டு தடவை கோட்டைவிட்ட இடம் இது.

முதல் தடவை மே மாதம். ராத்திரி பதினொன்றரைக்குப் பருப்பு வெந்தது. "ஆறட்டும், காலையில் எடுத்து வைக்கலாம்" என்று குக்கரை மூடியபடியே விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் மூடியைத் திறந்தால் மேலே நுரை, அடியில் இன்னும் வெதுவெதுப்பு, புளிப்பு வாடை. அரைக் கிலோ பருப்பும் சாக்கடைக்குப் போனது.

சரி, ஆற விட்டால்தானே கெடுகிறது என்று, அடுத்த வாரம் கொதிக்கக் கொதிக்க அப்படியே ஃப்ரீசரில் வைத்தேன். ஐஸ் ட்ரேயில் இருந்தது உருகித் தண்ணீராகி, பச்சைப்பட்டாணிப் பையும் ஈரமாகி, மறுநாள் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்த இடைவெளியை உணவு சீக்கிரம் தாண்டிவிட வேண்டும். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழமான பாத்திரத்தில், அதுவும் பருப்பு மாதிரி கெட்டியானது, நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே கிடக்கும். மேலே தொட்டுப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

இப்போது நான் செய்வது இப்படி. அடுப்பை அணைத்ததும் பருப்பை அகலமான இரண்டு எவர்சில்வர் தாம்பாளங்களில், ஒரு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுகிறேன். துணி ஊற வைக்கிற பேசினைத் தேய்த்துக் கழுவி, இரண்டு விரல் உயரம் தண்ணீர் விட்டு ஒரு ட்ரே ஐஸ் கட்டியைப் போடுகிறேன். தாம்பாளம் அதன் மேல் உட்காரும். மேலே ஃபேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரண்டியால் ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ளி விட வேண்டும். பேசின் தண்ணீர் சூடேறிவிட்டால் மாற்றுங்கள். அரை மணி நேரத்தில், கரண்டியை நடுவில் விட்டு எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு வைத்தால் சூடே தெரியாது. அதுவரை தட்டுப் போட்டு மூடாதீர்கள். மூடினால் ஆவி வியர்த்துத் திரும்ப அதிலேயே விழும். ஈ தொல்லை இருந்தால் வலைமூடி போதும்.

அப்புறம் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு, அதற்கப்புறம்தான் ஃப்ரீசர். ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்க மட்டுமே வைக்கும். கெட ஆரம்பித்ததை உள்ளே வைத்தால் கெட ஆரம்பித்ததுதான் வெளியே வரும்.

எதில் வைப்பது

ஹோட்டல் பார்சல் டப்பாக்களைக் கழுவிச் சேர்த்து வைத்திருப்பீர்கள். வேண்டாம். உறைந்ததும் ஓரத்தில் விரிசல் விடும், சூடுபடுத்தவும் தோதில்லை. எவர்சில்வர் டப்பா நல்லதுதான், ஆனால் மைக்ரோவேவில் வைக்க முடியாது, இடத்தையும் அடைக்கும். என் ஓட்டு கெட்டியான ஜிப் பைக்கு. இரண்டு கரண்டி பருப்பை உள்ளே விட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாகப் படுக்க வைத்து உறைய விடுங்கள். உறைந்த பிறகு புத்தகம் மாதிரி நிறுத்தி அடுக்கலாம், இளகவும் நேரம் ஆகாது. டப்பாவில்தான் வைப்பேன் என்றால் மேலே ஒரு விரல் இடம் விடுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும், மூடியைத் தூக்கிவிடும்.

தொக்குக்குப் பை வேண்டாம், இட்லித் தட்டு போதும். குழிகளில் எண்ணெய் தடவி, ஆறிய தொக்கை நிரப்பி, தட்டோடு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மறுநாள் தட்டின் அடியைக் குழாய்த் தண்ணீரில் ஒரு நொடி காட்டினால் தொக்கு இட்லிகள் பொலபொலவென்று கழன்று வரும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். ஒரு இட்லி ஒரு ஆளுக்கு. அளவு பார்க்கிற வேலையே இல்லை.

பெயர் எழுத மறக்காதீர்கள். உறைந்த பிறகு எல்லாமே ஒரே காவி நிறம்தான். ஒருமுறை தொக்கு என்று நினைத்துச் சூடுபடுத்தியது புளிக்காய்ச்சல். அதில் முட்டையை வேறு உடைத்து ஊற்றிவிட்டேன். மாஸ்கிங் டேப்பில் பெயரும் தேதியும் எழுதி, பை காய்ந்திருக்கும்போதே ஒட்டுங்கள். பனி படிந்த பின் எதுவும் ஒட்டாது.

சூடுபடுத்துவது

முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் நல்லது. மறந்துவிட்டால் பையை ஓடும் தண்ணீரில் காட்டி, பலகை மாதிரி உறைந்திருப்பதை இரண்டாக ஒடித்து, அரை டம்ளர் தண்ணீரோடு சட்டியில் போட்டு மூடுங்கள். சமையல் மேடையில் காலையிலிருந்து வைத்து இளக்குவது மட்டும் கூடாது. ஓரத்தில் குமிழ் வந்தால் போதாது, நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும். மைக்ரோவேவ் என்றால் பாதியில் எடுத்துக் கிளறி மறுபடி வையுங்கள். ஒருமுறை இளக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

சோறு? நான் வைப்பதில்லை. குக்கரில் கால் மணி நேர வேலை. அதுவும் வெளியே கிடந்த சோற்றில் வளர்கிற ஒரு கிருமி விடுகிற நஞ்சு, திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது.

பின்சேர்க்கை 1: எத்தனை நாள் வைக்கலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நின்றால் இரண்டு மூன்று மாதம் ருசி குறையாது. ஆனால் பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் அவ்வளவு குளிர் நிற்காது. ஒரு கப் ஐஸ்கிரீமை ஒரு நாள் வைத்துப் பாருங்கள். ஸ்பூன் சுலபமாக இறங்கினால் பத்து நாளுக்கு மேல் எதையும் வைக்காதீர்கள்.

பின்சேர்க்கை 2: கரண்ட் போனால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. நான் அந்த முறை எல்லாவற்றையும் கொட்டினேன். இப்போது ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டிருக்கிறேன். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலை இல்லை. அடியில் கிடந்தால், நாம் இல்லாதபோது எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது என்று அர்த்தம். யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் ஒருவர், பனி அதிகமாகிவிட்டதே என்று இரவில் டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிட்டுத் தூங்கிவிட்டாராம். பத்து நாள் தொக்கும் காலையில் தண்ணீரில் மிதந்ததாம். பனி எடுக்கிற வேலையை, பைகள் தீர்ந்துபோகிற சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.