மலிவு ஸ்பீக்கருக்கு க்ராஸ்ஓவர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்கு வரும் பழைய சாகா, மைவி காடிகள் பலவற்றில் கதவில் ஒரு மலிவான ஆறரை அங்குல ஸ்பீக்கர் (ஊஃபர்) இருக்கும். கண்ணாடி ஓரத்தில் பிறகு ஒட்டிய ட்வீட்டர், அதாவது மேல் ஸ்வரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர் இருக்கும். உறுமி மேளம் போட்டால் உறுமியின் இழுப்பு தெரியாது, கூர்மையான சத்தம் மட்டும் காதைக் குத்தும். ஸ்பீக்கரையே மாற்றுவதற்கு முன் சில கெபாசிட்டரும் காயிலும் (கம்பிச் சுருள்) வாங்கி பாசிவ் க்ராஸ்ஓவர் கட்டிப் பார்ப்பது நல்ல யோசனை. மேல் ஸ்வரங்களை ட்வீட்டருக்கும் கீழ் ஸ்வரங்களை ஊஃபருக்கும் பிரித்து அனுப்புவதுதான் அதன் வேலை. ஆனால் அது உங்கள் ஸ்பீக்கரை அளந்து கட்டியதாக இருக்க வேண்டும்.

நண்பர் போட்ட அளவையே போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அவர் ட்வீட்டர் 8 ஓம் என்றால் 4.7 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் சுமார் 4,200 ஹெர்ட்ஸில் பிரிக்கும். அதையே உங்கள் 4 ஓம் ட்வீட்டரில் போட்டால் பிரிப்பு 8,500 பக்கம் ஏறிவிடும். அதற்குக் கீழே ட்வீட்டர் அடங்கிவிடும், மலிவான ஊஃபராலும் அவ்வளவு உயரம் தெளிவாகப் பாட முடியாது. பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும். கணக்கு கஷ்டமில்லை. ஹெர்ட்ஸை ஓமால் பெருக்கி, 159,000-ஐ அதனால் வகுத்தால் மைக்ரோஃபாரட் வந்துவிடும். 4,000 ஹெர்ட்ஸ், 4 ஓம் என்றால் 10. மல்டிமீட்டர் 3.4 காட்டினால் பயப்பட வேண்டாம், 4 ஓம் ஸ்பீக்கர் அப்படித்தான் காட்டும்.

பழைய டிவி போர்டில் பிடுங்கிய, பிளஸ் மைனஸ் போட்ட கெபாசிட்டரை வைக்காதீர்கள். பாட்டின் மின்சாரம் இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடும், அந்த வகை அதைத் தாங்காது. நான்-போலார் கேட்டு வாங்குங்கள். ட்வீட்டருக்கு மட்டுமாவது ஃபிலிம் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது, ட்வீட்டரை மட்டும் வடிகட்டிவிட்டு ஊஃபரை அப்படியே விடுவது. மலிவான கூம்பு மேல் ஸ்வரங்களில் கரகரக்கும், காதைக் குத்துவதில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. 4 ஓம் ஊஃபரை 4,000 ஹெர்ட்ஸில் பிரிக்க, தொடரில் 0.16 மில்லிஹென்றி காயில் என்று கணக்கு சொல்லும். ஆனால் ஸ்வரம் மேலே போகப் போக ஊஃபரின் ஓம் ஏறிக்கொண்டே இருப்பதால் அந்தக் காயில் எதிர்பார்த்த அளவு வெட்டாது. இதை யாரும் கவனிப்பதில்லை. 4 ஓம் பக்கமாக ஒரு ரெசிஸ்டரையும் 22 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் தொடராக இணைத்து, அந்த ஜோடியை ஊஃபருக்குக் குறுக்கே போட்டால் அந்த ஏற்றம் பெரும்பாலும் அடங்கும். சரியான அளவு ஊஃபரின் வாய்ஸ் காயிலைப் பொறுத்தது. இது சில வெள்ளி வேலைதான். எனக்குக் கேட்டால் முழு வேலையிலும் காதுக்கு அதிகப் பலன் தருவது இதுதான்.

ட்வீட்டர் சத்தம் அதிகமென்றால் ஒரே ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு முடித்துவிடுகிறார்கள். சத்தம் குறையும், கூடவே பிரிப்பு இடமும் கீழே நகரும். 4 ஓம் ட்வீட்டருக்குத் தொடரில் 1.2 ஓம், ட்வீட்டருக்குக் குறுக்கே 10 ஓம் என்று ஜோடியாகப் போட்டால் சுமார் 3 டெசிபல் குறையும், பிரிப்பு நகராது.

இரண்டு காயில்களை ஒட்டி வைக்காதீர்கள். ஒன்றின் காந்தப் புலம் மற்றதில் ஏறும். தள்ளி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். 12 டெசிபல் க்ராஸ்ஓவர் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு காயிலும் ஒரு கெபாசிட்டரும் சேர்ந்தது) என்றால் ட்வீட்டர் ஒயரின் பிளஸ் மைனஸைத் திருப்பியும் போட்டுக் கேளுங்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, குரல் எந்த இணைப்பில் நிறைவாக இருக்கிறதோ அதை வையுங்கள்.

க்ராஸ்ஓவர் போட்டும் பேஸ் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வோர் உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் கதவுதான். கதவின் உள் தகட்டில் பெரிய ஓட்டைகள் இருக்கும். ஊஃபரின் பின்பக்க அலை அவற்றின் வழியாக முன்னால் வந்து, முன்பக்க அலையை அழித்துவிடும். எந்தக் கெபாசிட்டராலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஓட்டைகளைத் தகடோ தடித்த ஒட்டுத்தாளோ வைத்து மூடுங்கள், ஸ்பீக்கரைச் சுற்றி இடைவெளி இல்லாமல் திருகுங்கள். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை மட்டும் அடைக்கவே கூடாது. நம்மூர் மழைக்குக் கண்ணாடி வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். வெளியேற வழியில்லாவிட்டால் கதவு துருப்பிடிக்கும்.

அதனாலேயே க்ராஸ்ஓவர் போர்டைக் கதவுக்குள் அடியில் தொங்கவிடாமல் டேஷ்போர்டுக்குக் கீழே வையுங்கள். செம்பனை லோரி போகும் செம்மண் சாலையில் தினமும் குலுங்கும் வண்டி என்றால் சால்டர் மட்டும் போதாது. காயிலையும் கெபாசிட்டரையும் கேபிள் டை போட்டு இறுக்கி, பசையும் வைத்துவிடுங்கள்.